கம்பத்துக்கு ஒரு பனங்காடை

பெரம்பலூர்னு சொன்னா உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? எங்க ஹாஸ்டல் ப்ளாக்ல சும்மா கேட்டுப் பாத்தேன். "சென்னை பஸ் நடுராத்திரி நிக்கிற மோட்டல்"னு ஒருத்தன். "டோல்கேட்"னு இன்னொருத்தன். அரியலூருக்கு எல்லாரும் ஒரே பதில்: சிமெண்ட். கொஞ்சம் படிக்கிற பையன் ஒருத்தன் மட்டும் "டேய், அங்க கடல் இருந்துச்சுடா, ஃபாசில்லாம் கிடைக்கும்"னான். அது நிஜம்தான். சாத்தனூர்ல 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாப்போன மரமே படுத்துக் கிடக்கு. ஆனா கடைசியில அவனும் மத்தவங்களோட சேந்துக்கிட்டான். "இப்ப பாக்குறதுக்கு அங்க ஒண்ணும் இல்லடா."

அந்த "ஒண்ணும் இல்ல"யை நான் ஒரு நாள் முழுக்க எண்ணிக்கிட்டு வந்தேன். அந்தக் கணக்குதான் இந்தக் கட்டுரை. எல்கேஜியில இருந்து இங்கிலீஷ் மீடியம், ப்ளஸ் டூவுக்கு அப்புறம் நான் தமிழ்ல எழுதுற முதல் நீளமான விஷயம் இது. ஒற்று எங்கயாவது போயிருந்தா எடிட்டரைத் திட்டுங்க.

நான் ஐசிஇ டிபார்ட்மெண்ட், ஃபைனல் இயர். கடைசி செமஸ்டர் இன்டர்ன்ஷிப்புக்கு எனக்குக் கிடைச்சது திருச்சியில எடைமேடை சர்வீஸ் பண்ற ஒரு சின்ன கம்பெனி. ரோட்டோரமா "கம்ப்யூட்டர் எடைமேடை"னு போர்டு பாத்திருப்பீங்க. லாரி மேல ஏறி நிக்கும், பக்கத்து கேபின்ல சிவப்பு நம்பர் ஓடும், ஒரு சீட்டு அடிச்சுக் குடுப்பாங்க. அந்த இரும்பு மேடைக்கு அடியில லோட் செல் இருக்கும், அதுக்குள்ள ஸ்ட்ரெயின் கேஜ், வீட்ஸ்டோன் பிரிட்ஜ். செகண்ட் இயர்ல நாம மனப்பாடம் பண்ணி மறந்த சர்க்யூட் நிஜமாவே வேலை செய்யுற இடம். எடைமேடைக்கு வருஷத்துக்கு ஒரு தடவை அரசாங்க முத்திரை வாங்கணும். அதுக்கு முன்னாடி போய் சரிபார்த்துக் குடுக்குறது எங்க வேலை. எலி கடிச்ச கேபிளை மாத்துறதும் எங்க வேலைதான். எலி இல்லன்னா இந்தக் கம்பெனி பாதி வருமானத்துல நிக்கும்னு நினைக்கிறேன்.

இந்த வேலையில யாரும் சொல்லித் தராத ஒரு விஷயம் இருக்கு. பாதி நாள் சும்மா காத்திருக்கணும். மேடையில நிக்கிற லாரி இறங்கணும். எடைக்கல் ஏத்துன வண்டி வந்து சேரணும். ஓனர் வந்து பூட்டைத் திறக்கணும். கரண்ட் வரணும். சீனியர்ஸ் எல்லாம் அந்த நேரத்துல ரீல்ஸ் பாப்பாங்க. எனக்கு எங்க ரூம்ல மூணு பேர் காசு போட்டு வாங்கின ஒரு பைனாக்குலர் இருக்கு. காத்திருக்கிற இடத்துல 15 நிமிஷம், கண்ணுல பட்ட, காதுல கேட்ட எல்லாப் பறவையும், எது எத்தனைன்னு ஈபேர்ட் ஆப்ல போடுவேன். அவ்வளவுதான் என் பொழுதுபோக்கு. இதுக்காக லீவு போட்டு எங்கயும் போனது கிடையாது.

ஜனவரி கடைசி வாரத்துல ஒரு செவ்வாய்க்கிழமை. எங்க டெக்னீஷியன் அண்ணன் வண்டி ஓட்ட, நான் முன் சீட்ல. பெரம்பலூர்ல ரெண்டு எடைமேடை, அரியலூர்ல ஒண்ணு, முடிச்சுட்டு ராத்திரிக்குள்ள திருச்சி திரும்பணும். அண்ணனுக்கு நாப்பத்தஞ்சு வயசுக்கு மேல இருக்கும். சொந்த ஊர் பெரம்பலூர் பக்கம். இந்த ரோட்ல இருபது வருஷமா போய்வர்றவர். நான் பைனாக்குலரைக் கழுத்துல மாட்டுறதைப் பாத்துட்டு, "என்ன தம்பி, லோட் செல்லை இதுல பாக்கப் போறியா?"ன்னார்.

முதல் இடம் மக்காச்சோள மண்டி. பெரம்பலூர் மாவட்டம் பெரும்பாலும் மானாவாரி பூமி. மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம். நாங்க போன நேரம் சோளம் அறுவடை. ரோட்டோரம் மஞ்சளா காயப் போட்டிருந்தாங்க. மேடையில ஒரு டிராக்டர் ட்ரெய்லர் டயர் பஞ்சராகி நின்னுடுச்சு. கேபின்ல இருந்த அக்கா "அரை மணி நேரம் ஆகும், டீ குடிச்சுட்டு வாங்க"ன்னாங்க. நான் டைமரைப் போட்டேன்.

காக்கா 14. மைனா 9. கரிச்சான் 4. அண்ணன் இதை "ரெட்டைவால் குருவி"ன்னார், அதுவும் சரிதான். பஞ்சுருட்டான் 6, கம்பியில வரிசையா. மாடப்புறா 22. அறுத்த சோளக்காட்டுக்கு மேல திடீர்னு ஒரு புகை மாதிரி எழும்பித் திரும்பி மறுபடி உக்காந்துச்சு. இளஞ்சிவப்பு உடம்பு, கறுப்புத் தலை. சூறைக்குருவி. சிலர் சோளப்பட்சின்னும் சொல்லுவாங்க. மத்திய ஆசியாவுல முட்டையிட்டுட்டு, ஆகஸ்ட்ல இருந்தே நம்ம ஊருக்கு வந்து, ஏப்ரல் வாக்குல திரும்பிப் போறது. நூத்தி ஐம்பதுன்னு போட்டேன். கூட்டத்தை எண்ணுறதுக்கு ஒரு வழி இருக்கு. முதல்ல பத்து எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் அடைக்குதுன்னு கண்ணுல வாங்கிக்கிட்டு, அந்த அளவை வச்சு மீதியை அளக்கணும்.

அப்புறம் மண்டிக்கு எதிர்ல 11 கேவி லைன்ல ஒத்தையா ஒண்ணு. உக்காந்திருக்கும்போது அழுக்கு மண் நிறத்துல ஒரு சாதாரணப் பறவை. கீழ எதையோ பாத்துட்டு இறங்கிச்சு பாருங்க, சிறகு ரெண்டும் விரிஞ்சப்போ கரும்நீலமும் வெளிர்நீலமும் மாறி மாறிப் பட்டையா ஒரு வெட்டு வெட்டிச்சு. நான் ஆப்ல "இந்தியன் ரோலர்"னு தேடிக்கிட்டிருந்தேன்.

"பனங்காடை," என்றார் அண்ணன், டீ கிளாஸை வச்சுக்கிட்டே.

கர்நாடகா, ஒடிசா, தெலங்கானா மூணு மாநிலத்துக்கும் இதுதான் மாநிலப் பறவை. தெலங்கானாவுல பாலபிட்டன்னு பேரு. தசரா அன்னிக்கு இதைப் பாத்தா நல்லதுன்னு தேடிப் போய்ப் பாப்பாங்க. நம்ம மாநிலப் பறவை மரகதப்புறா, அதைப் பாக்க காட்டுக்குத்தான் போகணும். பனங்காடையைப் பாக்க ஈபி லைன் இருந்தாப் போதும்.

அக்கா ஜன்னல் வழியா எட்டிப் பாத்து, "என்னப்பா எழுதுற, ஆபீஸ்ல இருந்து கணக்கெடுக்கச் சொன்னாங்களா?"ன்னு கேட்டாங்க. "குருவிக் கணக்கு அக்கா"ன்னேன். "காக்காவைக் கூடவா எழுதுவாங்க?"ன்னு சிரிச்சாங்க.

எழுதணும். இதைக் கொஞ்சம் விளக்கமா சொல்றேன், ஏன்னா இதுதான் எனக்குப் பிடிச்ச பகுதி. லிஸ்ட்டை முடிக்கும்போது ஈபேர்ட் ஒரு கேள்வி கேட்கும்: உங்களால அடையாளம் காண முடிஞ்ச எல்லாப் பறவையையும் எழுதினீங்களா? ஆமான்னு சொன்னா, லிஸ்ட்ல இல்லாத ஒவ்வொரு பறவைக்கும் அர்த்தம் வந்துடும். அந்த 15 நிமிஷத்துல அது தென்படலன்னு அர்த்தம். அழகான பறவையை மட்டும் எழுதினா இந்த "இல்லை" கிடைக்காது. இன்ஸ்ட்ருமென்டேஷன் படிக்கிறவனுக்கு இது சுலபமா புரியும். ஜீரோவும் ஒரு ரீடிங்தான்.

ட்ரெய்லர் இறங்கினதும் வேலை ஆரம்பிச்சோம். கார்னர் டெஸ்ட். ஒரே எடையை மேடையோட ஒவ்வொரு மூலையிலயும் வச்சா ஒரே நம்பர் வரணும். 20 கிலோ கல்லா தூக்கித் தூக்கி என் முதுகு போச்சு. நடுவுல மேடை மேல ஒரு மைனா வந்து சோளம் பொறுக்கிச்சு. கேபின்ல நம்பர் ஜீரோவுலயே நின்னுச்சு. 60 டன் மேடை, 10 கிலோ படியா நகரும். மைனாவெல்லாம் அதுக்குக் கணக்கே இல்ல.

ரெண்டாவது இடம் ஊருக்கு வெளிய ஒரு ஜல்லி கிரஷர். அங்க கரண்ட் இல்ல. கிரஷருக்குப் பின்னாடி இறங்கினா ஒரு பெரிய வெற்று நிலம். சுக்கான் கல்லு, முழங்கால் உயரம் காஞ்ச புல்லு, அங்கங்க வேலமரம், ஆவாரம்பூ மஞ்சளா. பொங்கலுக்குக் காப்புக் கட்ட ஒடிச்சது போக மிச்சம். நீங்க பைக்ல போகும்போது தலையைத் திருப்பாத மாதிரி ஒரு இடம்.

முதல் அஞ்சு நிமிஷம் எதுவும் இல்ல. இந்த மாதிரி நிலம் உடனே எதையும் காட்டாது. நீங்க அசையாம நின்னாத்தான் நிலம் அசைய ஆரம்பிக்கும். ஒரு கல்லுன்னு நினைச்சது நடந்துச்சு: மஞ்சள்மூக்கு ஆள்காட்டி, ரெண்டு. வயக்காட்டுல கத்துற சிவப்புமூக்கு ஆள்காட்டியை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். இது அதோட சித்தப்பா பையன், தண்ணி இல்லாத கட்டாந்தரைதான் பிடிக்கும். நெட்டைக்காலி மூணு. வேலமரத்து உச்சியில ஒரு கீச்சான், திருடன் மாதிரி கண்ணுல கறுப்புப் பட்டை கட்டிக்கிட்டு. புல்லுக்குள்ள இருந்து கௌதாரி கத்துது, ஆளைக் காணோம். அப்புறம் வானம்பாடி. சாம்பல் தலை, கறுப்பு வயிறு, சிட்டுக்குருவியை விடச் சின்னது. நேரா மேல ஏறும், சிறகை மடக்கிக் கல்லு மாதிரி விழும், தரைக்கு வர்றதுக்கு முன்னாடி மறுபடி ஏறும், கூடவே ஒரு நீளமான விசில். மூணு தடவை பண்ணிட்டு, ஒரு மண்ணாங்கட்டி மேல உக்காந்து காணாமப் போச்சு. 15 நிமிஷத்துல 17 வகை.

இந்த நிலத்துக்குக் கிராமக் கணக்குல என்ன பேரு தெரியுமா? தரிசு. வரி போட்டதா இருந்தா "தீர்வை ஏற்பட்ட தரிசு", போடாததா இருந்தா "தீர்வை ஏற்படாத தரிசு". மத்திய அரசு வெளியிடுற அட்லஸ் ஒண்ணு இருக்கு, அதுல புதர் நிலமெல்லாம் வேஸ்ட்லேண்டுங்கிற தலைப்புக்குக் கீழதான் வரும். பயிர் இல்ல, மரம் இல்ல, அதனால வீண். வானம்பாடிக்கு மரம் இருந்தாத்தான் கஷ்டம்னு அந்தக் கணக்குல எழுத இடம் கிடையாது.

இது எனக்கு ஏன் உறுத்துதுன்னா, ஜூன்ல நான் வேலைக்குச் சேரப் போறது ஒரு சோலார் கம்பெனியில. கேம்பஸ் பிளேஸ்மெண்ட். வீட்ல ஸ்வீட் எல்லாம் குடுத்தாச்சு. எனக்கும் சந்தோஷம்தான், நிலக்கரியை எரிக்கிறதுக்கு இது எவ்வளவோ மேல். ஆன்போர்டிங் மீட்டிங்ல ஒரு பிரசென்டேஷன் போட்டாங்க. இனிமே வரப்போற சைட் எல்லாம் எந்த மாதிரி நிலம்னு ஒரு ஸ்லைடு. போட்டோவுல இருந்தது அப்படியே இதே நிலம். கல்லு, காஞ்ச புல்லு, ஒரு வேலமரம். மேல பெரிய எழுத்துல: "பேரன் லேண்ட்".

கடைசியில கேள்வி இருந்தா கேளுங்கன்னாங்க. நிலம் வாங்குறதுக்கு முன்னாடி அங்க என்ன பறவை இருக்குன்னு யாராவது எண்ணுவாங்களான்னு கேட்டேன். "நைஸ் கொஸ்டின், நாங்க திரும்பச் சொல்றோம்"னாங்க. இன்னும் சொல்லல. சட்டப்படி அவங்க எண்ண வேண்டியதும் இல்ல. 2006-ம் வருஷத்து சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில சோலார் பேனல் திட்டங்களுக்கு முன் அனுமதி தேவையில்லன்னு ஆயிடுச்சு. சோலார் வேணாம்னு நான் சொல்ல வரல. கூரை இருக்கு, கால்வாய் மேல போடலாம், தரிசுலயும் சில இடம் விட்டுச் சில இடம் எடுக்கலாம். எது விடணும், எது எடுக்கலாம்னு சொல்றதுக்கு யாராவது முன்னாடியே போய் எண்ணியிருக்கணும், இல்லையா?

கரண்ட் வந்துச்சு. கிரஷர் வேலை சீக்கிரம் முடிஞ்சது. மேடையில ஜல்லித் தூசி மொத்தமா படிஞ்சிருந்தும் இண்டிகேட்டர் ஜீரோவே காட்டிச்சு. ஏன்னு அண்ணன்கிட்ட கேட்டேன், அவர் எனக்கு சொல்லிக் குடுத்ததை உங்களுக்கும் சொல்றேன்.

இண்டிகேட்டர்ல ஆட்டோ ஜீரோன்னு ஒரு செட்டிங் உண்டு. மேடை மேல மண்ணு சேரும், மழைத்தண்ணி தேங்கும், வெயில்ல இரும்பு சூடாகும். இதனால காலி மேடையோட நம்பர் மெல்ல நகரும். நகர்வு சின்னதா, மெதுவா இருந்தா இண்டிகேட்டர் அதை எடையாவே எடுத்துக்காது, "சரி, இனிமே இதுதான் ஜீரோ"ன்னு தானா வச்சுக்கும். ஒரே நேரத்துல 50 கிலோ மூட்டையைப் போட்டா உடனே காட்டும். அதே 50 கிலோ ஒரு மாசமா பிடி பிடியா மண்ணா விழுந்தா காட்டாது. அது கோளாறு இல்ல, அப்படித்தான் டிசைன். அது இல்லன்னா நாள் முழுக்க ஜீரோ பட்டனை அமுக்கிட்டே இருக்கணும். அது முழுங்கின மண்ணு எவ்வளவுன்னு தெரியணும்னா, ஆரம்பத்துல எழுதி வச்ச பழைய ரீடிங் வேணும்.

அரியலூர் ரோட்ல ஏறினதும் அண்ணன் தானாவே ஆரம்பிச்சார். "நான் பள்ளிக்கூடம் போகயில கம்பத்துக்கு ஒண்ணு உக்காந்திருக்கும் தம்பி, இந்தப் பனங்காடை. கல்லெறிஞ்சு பந்தயம் கட்டுவோம். இப்ப எங்க?"

சரி, எண்ணிப் பாத்துடுவோம்னு ஓடோமீட்டரைப் பாத்து வச்சுக்கிட்டேன். ஆறு கிலோமீட்டர். கம்பம் 112. பனங்காடை 3. கரிச்சான் 19, மீன்கொத்தி 2, கருந்தோள் பருந்து 1.

இதை வச்சு "பனங்காடை அழிஞ்சு போச்சு"ன்னு ஸ்டேட்டஸ் போட முடியாது. அண்ணனோட ஞாபகம் ஒரு பக்கம், என்னோட ஒரு மதிய நேரம் இன்னொரு பக்கம். வெயில்ல பறவை குறைவாத்தான் இருக்கும். முப்பது வருஷத்துக்கு முன்னாடி அவர் எத்தனை கம்பம் எண்ணினார்னு அவருக்கே தெரியாது. ஆனா பல பேர் எண்ணினதைச் சேத்துப் பாத்தா என்ன தெரியும்? 2023 ஆகஸ்ட்ல "ஸ்டேட் ஆஃப் இந்தியாஸ் பேர்ட்ஸ்"னு ஒரு அறிக்கை வந்துச்சு. 30,000-க்கு மேல சாதாரண ஆளுங்க ஈபேர்ட்ல போட்ட மூணு கோடிப் பதிவுகளை வச்சுப் பண்ணது. 942 இனங்களை எடுத்துக்கிட்டாங்க. அதுல நீண்ட காலப் போக்கு கணக்கிட முடிஞ்சது 338-க்கு. அந்த 338-ல 60 சதவீதம் குறைஞ்சிருக்கு. புல்வெளி, புதர், வயல்னு திறந்த வெளியில வாழுற பறவைகளுக்கு அடி பலமா விழுந்திருக்கு. உலக அளவுல அப்ப "கவலையில்லை"ன்னு இருந்த சில இனங்களோட நிலையைத் திரும்பப் பரிசீலிக்கணும்னு அந்த அறிக்கை சிபாரிசு பண்ணிச்சு. அந்த லிஸ்ட்ல பனங்காடை இருக்கு.

எப்படிக் கணக்குப் போட்டாங்கங்கிறதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. நூறு முழு லிஸ்ட் எடுத்தா அதுல எத்தனை லிஸ்ட்ல பனங்காடை இருக்குன்னு வருஷா வருஷம் பாக்குறது. அந்த மண்டி அக்கா சிரிச்ச காக்கா, மைனா எல்லாம் இதுக்குத்தான் வேணும். பனங்காடை இல்லாத லிஸ்ட்டும் வேணும். ஒரு லிஸ்ட் மைனா மாதிரி, மேடையில நம்பரே நகராது. லட்சக்கணக்குல ஏறினா நகரும்.

அண்ணன்கிட்ட இந்த அறிக்கையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசல. "நான் சொன்னா என் பையன் நம்ப மாட்டான். அவன் பொறந்ததுல இருந்து இவ்வளவுதான் பாத்திருக்கான்"னார். ஆட்டோ ஜீரோன்னு நான் சொல்ல வாய் எடுத்தேன், அவரே "அவனுக்கு இதுதான் ஜீரோ"ன்னுட்டார்.

பனங்காடைக்கு வெட்டுக்கிளியும் வண்டும் வேணும். இறங்கிப் பிடிக்க வெட்ட வெளி வேணும். முட்டையிடப் பொந்து வேணும், மொட்டைப் பனைன்னா ரொம்ப வசதி. இந்த மூணும் சேந்து கிடைக்கிற இடம்தான் நாம தரிசுன்னு எழுதி வச்சிருக்கிறது.

அரியலூர் வேலையைப் பத்தி அதிகம் சொல்ல ஒண்ணும் இல்ல. சுண்ணாம்புக்கல் லாரி வரிசையா நின்னுச்சு, எலி கடிச்ச கேபிள் ஒண்ணு, மாத்தினோம். அந்தக் கல்லு மட்டும் யோசிக்க வைக்குது. கிரெட்டேசியஸ் காலத்துக் கடல்ல வாழ்ந்த சிப்பியும் நத்தையும் படிஞ்சு இறுகினதைத்தான் லாரி லாரியா எடை போட்டு அனுப்புறோம். நம்ம ஹாஸ்டல் சுவத்துலயும் அந்தக் கடல் கொஞ்சம் இருக்கலாம். பக்கத்துல தோண்டி விட்ட பழைய குழி ஒண்ணுல மழைத்தண்ணி பச்சையா நின்னுச்சு. அதுல நீர்க்காகம் 5, நாமக்கோழி 12, முக்குளிப்பான் 4. குழியைக் கூடப் பறவை சும்மா விடல.

நாலரை மணிக்கு முடிஞ்சது. திரும்பிப் போற வழி கீழப்பழுவூர், புள்ளம்பாடி, லால்குடி. கீழப்பழுவூர் வந்ததும், "அண்ணே, ஒரு அரை மணி நேரம், கரைவெட்டி"ன்னு கேட்டேன். தஞ்சாவூர் ரோட்ல எத்தனையோ தடவை போயிருக்காராம், போர்டைப் பாத்திருக்காராம், உள்ள போனதே இல்லையாம். வண்டியைத் திருப்பினார்.

கரைவெட்டி ஒரு பெரிய ஏரி. 1999-ல பறவைகள் சரணாலயமாச்சு, 453.72 ஹெக்டேர். மேட்டூர்ல இருந்து வர்ற காவிரித் தண்ணி புள்ளம்பாடி வாய்க்கால் வழியா இதுக்கு வருது, வடகிழக்குப் பருவமழையும் சேந்து நிரப்பும். 2024 ஜனவரி 31-ல ராம்சார் பட்டியல்ல சேத்ததா அறிவிச்சாங்க. அன்னிக்குப் புதுசா சேந்த அஞ்சு இடத்துல நம்ம மாநிலத்துக்கு ரெண்டு, இன்னொண்ணு லாங்வுட் சோலை. அதோட இந்தியாவுல ராம்சார் இடங்கள் 80 ஆச்சு.

கரை மேல ஏறினதும் அண்ணன் "ஏ யப்பா"ன்னார். தாமரை இலை மேல இலைக்கோழி நடக்குது. நத்தைகுத்தி நாரை, மஞ்சள்மூக்கு நாரை, கூழைக்கடா, பாம்புத்தாரா சிறகை விரிச்சுக் காயவச்சுக்கிட்டு. ஊசிவால் வாத்து தண்ணி முழுக்க, எண்ணி முடியல, 600-னு போட்டேன். பைனாக்குலரை அண்ணன்கிட்ட குடுத்தேன். நீலத் தாழைக்கோழியைப் பாத்துட்டு, "கோழிக்கு எவன்டா பெயிண்ட் அடிச்சான்"ன்னார். அப்புறம் பைனாக்குலர் எனக்குத் திரும்பக் கிடைக்கல.

வெயில் சாஞ்சதும் வடக்குப் பக்கமிருந்து ஒரு சத்தம், ஆங்... ஆங்...னு. ஒரு கோணல் வரிசை. தலையில ரெண்டு கறுப்புப் பட்டை, வரித்தலை வாத்து. 23. மங்கோலியா, திபெத் பக்கம் குஞ்சு பொரிச்சுட்டு, இமயமலையைத் தாண்டி வர்ற கூட்டம். கருவி கட்டி அனுப்பிப் பாத்ததுல ஒண்ணு 7,290 மீட்டர் உயரம் வரைக்கும் போயிருக்கு. வந்து இறங்கினது அரியலூர் மாவட்டத்துல, ஒரு ஏரியில.

"இதுக்கு டிக்கெட்டே போடலாமே"ன்னார் அண்ணன்.

எனக்கு அந்த அரை மணி நேரம் நாளோட உச்சம்தான், மறைக்கல. ஆனா ஒண்ணு மனசுல ஓடிக்கிட்டே இருந்துச்சு. இந்த வாத்துக்கு ஒரு சரணாலயம் இருக்கு, போர்டு இருக்கு, வாட்ச் டவர் இருக்கு, ரேஞ்சர் இருக்கார், ஒரு சர்வதேச ஒப்பந்தமே இருக்கு. இருக்கவும் வேணும். காலையில கிரஷருக்குப் பின்னாடி விழுந்து விழுந்து பாடின வானம்பாடிக்கு என்ன இருக்கு? ஒரு சர்வே நம்பர். அந்த சர்வே நம்பருக்கு நேரா தரிசுன்னு ஒரு வார்த்தை. அதுக்குக் கீழ இப்ப என்னோட ஒரு லிஸ்ட், 15 நிமிஷம், 17 வகை. ஈபேர்ட் மேப்ல கரைவெட்டியைத் தொட்டா வருஷ வருஷமா லிஸ்ட் கொட்டுது. அந்தக் கிரஷர் இருக்கிற இடத்தைச் சுத்தி என்னோடதைத் தவிர ஒண்ணு கூட இல்ல.

நீங்க ஃபைனல் இயர்னா இந்த செமஸ்டர்ல எங்கயாவது போகத்தான் போறீங்க. சைட் விசிட், ஐவி, இன்டர்வியூ, ப்ராஜெக்ட் டேட்டா எடுக்க. எங்கயாவது காத்திருக்கத்தான் போறீங்க. ஆப் ஃப்ரீ. பேரு தெரியாத பறவைக்கு மெர்லின் ஆப் இருக்கு, அதுவும் ஃப்ரீ. பைனாக்குலர் இல்லன்னாலும் கம்பியில இருக்கிற பனங்காடை வெறும் கண்ணுக்கே தெரியும். தெரிஞ்ச பறவையை மட்டும் எழுதுங்க, தெரியாததை ஊகிச்சு எழுதாதீங்க, காக்காவை விட்டுடாதீங்க. பொங்கல் லீவுல வீட்ல இருந்தா இன்னும் வசதி. 2015-ல இருந்து வருஷா வருஷம் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்குது, மொட்டைமாடியில நின்னு 15 நிமிஷம் எண்ணினாலும் அதுல சேரும். ஜூனுக்குள்ள பெரம்பலூர்ப் பக்கத் தரிசுகள்ல முப்பது லிஸ்ட் போடணும்னு நான் ஒரு கணக்கு வச்சிருக்கேன். இதுவரைக்கும் பதினொண்ணு. நான் சேரப்போற கம்பெனி எந்த ஊர்ல நிலம் பாக்குதுன்னு எனக்குத் தெரியாது. முதல் நாள் போகும்போது கையில ஏதாவது இருக்கணும், அவ்வளவுதான்.

அடுத்த வாரம் எனக்குக் காலேஜ்ல ரிவ்யூ, ஃபீல்டுக்குப் போகல. அண்ணன் மட்டும் துறையூர் பக்கம் போயிருந்தார். மதியம் வாட்ஸ்அப்ல ஒரு வாய்ஸ் மெசேஜ். பின்னாடி லாரி ஹாரன்.

"தம்பி, பனங்காடை நாலு. ரெட்டைவால் குருவி பதினாறு. காக்காவும் எண்ணிட்டேன், இருபத்தொண்ணு. ஒரு பருந்து, என்ன பருந்துன்னு தெரியல, அதை எழுதிக்காத."

"எத்தனை நிமிஷம்ணே எண்ணினீங்க?"ன்னு திருப்பி அனுப்பினேன்.

பத்து நிமிஷம் கழிச்சு பதில் வந்துச்சு. "மணி பாக்கல தம்பி. சாயங்காலம் இதே வழியாத்தான் வருவேன், மணி பாத்து மறுபடி எண்ணிட்டு வரேன்."